வீட்ல ஒரு நாய் இருக்கும்போது ரெண்டாவது நாய் எடுக்குறது எப்படி: முடிவு பண்றதுல இருந்து மூணாவது மாசம் வரைக்கும்

எங்க ஊரு கூடலூர், நீலகிரி கூடலூர் இல்லைங்க, தேனி மாவட்டத்து கூடலூர், குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி வருமே அது. திராட்சைத் தோட்டம், தோட்டத்துக்குள்ளயே வீடு, செம்பின்னு ஒரு கோம்பை ஜாதி பொட்டை நாய். அப்பா இறந்ததுக்கு அப்புறம் செம்பி அவரு கட்டிலுக்கு அடியிலயே கிடந்தா, சோறு வச்சா மோந்து பாத்துட்டு போயிருவா, அதப் பாக்க சகிக்காம "ஏங்க, ஒரு குட்டி வாங்கியாந்தா இவளுக்கு தொணையா இருக்கும்ல"ன்னு வீட்டுக்காரம்மா சொல்ல, நானும் யோசிக்காம அந்த வாரமே ஒரு ராஜபாளையம் பொட்டைக் குட்டிய வாங்கிட்டு வந்துட்டேன். வித்தவரு 50 நாள் குட்டின்னு சொன்னாரு. கொண்டு வந்து காமிச்சப்ப மாட்டாஸ்பத்திரி டாக்டர் பல்லப் பாத்துட்டு 35 நாள் கூட ஆகியிருக்காதுன்னாரு. அஞ்சாம் நாள் வாந்தி, ஆறாம் நாள் ரத்தமா கழிச்சல், ஒம்பதாம் நாள் காலைல என் மடியிலயே போயிருச்சு. பார்வோ, ஊசி போடாத குட்டிங்கள கொல்ற வைரஸ் நோய்.

அந்தக் குட்டி ஞாபகமாத்தான் இதை எழுதுறேன். அதுக்கப்புறம் எட்டு மாசம் காத்திருந்து, கேட்டு, படிச்சு, மூணு டாக்டர்கிட்ட பேசி, குமுளியில இருந்து குட்டன்னு ஒரு கடுவனக் கூட்டிட்டு வந்தோம், இப்ப ரெண்டும் ஒரே திண்ணையில படுக்குதுங்க. நான் கத்துக்கிட்டதுல முக்கியமானது என்னன்னா, எல்லாரும் வரப்போற நாயத்தான் பாக்குறோம், என்ன ஜாதி, என்ன கலரு, என்ன வெலைன்னு. மொதல்ல பாக்க வேண்டியது வீட்ல ஏற்கனவே இருக்குற நாய.

1. இருக்குற நாயை ஒரு வாரம் உக்காந்து கவனிங்க

ஒரு நோட்டு எடுத்து எழுதுங்க, நெசமாத்தான் சொல்றேன். தெரு நாய் கேட்டுக்கு வெளிய போனா உங்க நாய் என்ன பண்ணுது? வாலை இறக்கி லூசா ஆட்டி மோந்து பாக்குதா, இல்ல ஒடம்பு கட்டை மாதிரி ஆயி, வாயை மூடி, கண்ணு வெள்ளை தெரிய மொறைக்குதா? வால் ஆட்டுனாலே சந்தோசம்னு நினைக்காதீங்க, வாலை ஒசத்தி விறைப்பா வெடவெடன்னு ஆட்டுனா அது எச்சரிக்கை. சோத்துத் தட்டுகிட்ட ஆளு போனா வேகவேகமா முழுங்குதா, உறுமுதா? உங்க கட்டிலு, உங்க செருப்பு, வாசப்படி, இதுல எதை அது 'என்னோடது'ன்னு காவல் காக்குது? இந்தக் கடைசி கேள்விக்கு பதில் தெரியாம ரெண்டாவது நாய் எடுத்தீங்கன்னா, மொத சண்டை அந்த எடத்துலதான் வரும்.

வயசும் பாக்கணும். ஒன்னரை, ரெண்டு வயசு ஆகாத நாய் இருக்கும்போது இன்னொன்னு வேணாம், அதுவே இன்னும் கூப்பிட்டா வராது, அதோட கெட்ட பழக்கம் எல்லாத்தையும் புதுசு ரெண்டே நாள்ல கத்துக்கும். ஒம்பது பத்து வயசாயி இடுப்பு, மூட்டு வலியோட இருக்குற நாய்க்கு ரெண்டு மாசக் குட்டியக் கொண்டு வந்து விடுறதும் பாவம்ங்க, அது படுக்க முடியாம, நிம்மதியா திங்க முடியாம நாளெல்லாம் எரிச்சல்ல இருக்கும். அப்படி வீட்டுக்கு அமைதியான, வளந்த நாய் பாருங்க, இல்லன்னா அந்தக் கிழத்தோட கடைசி காலத்த அதுக்கு மட்டுமே குடுத்துருங்க.

தொணைக்குன்னு எடுக்குறத பத்தியும் சொல்லிர்றேன். செம்பிக்கு தேவைப்பட்டது நாயே இல்ல, அப்பா காலைல அஞ்சரைக்கு கூட்டிட்டுப் போவாரே அந்த நடை. நான் அதே நேரத்துல, அதே வாய்க்கால் கரையில கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சதும் மூணு வாரத்துல சாப்பிட ஆரம்பிச்சா. உங்க நாய் சோம்பலா, சோகமா இருந்தா மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, உண்ணிக் காய்ச்சலா கூட இருக்கலாம். அப்புறம் நடையக் கூட்டிப் பாருங்க.

2. ஆணா பொண்ணா

இதுல எனக்கு சந்தேகமே இல்ல. இருக்குறது பொட்டைன்னா கடுவன் எடுங்க, கடுவன்னா பொட்டை எடுங்க. ஒரே வீட்ல ரெண்டு பொட்டை சண்டை போட்டா அது சீக்கிரத்துல தீராது, மனசுல வச்சுக்கிட்டே இருக்கும்ங்க, எங்க பக்கத்து தோட்டத்துல ரெண்டு கோம்பைப் பொட்டைங்கள மூணு வருசமா தனித்தனி கூண்டுலதான் வச்சிருக்காங்க. நான் மொதல்ல பண்ண தப்புல இதுவும் ஒண்ணு, அந்தக் குட்டி பொழைச்சிருந்தா ஒன்னரை வயசுல செம்பி அதைக் கடிச்சிருப்பான்னுதான் இப்ப தோணுது.

ஆணும் பொண்ணும்னா கருத்தடை ஆபரேஷன் முன்னாடியே முடிஞ்சிருக்கணும், 'அப்புறம் பாத்துக்கலாம்' ஆகாது. பொட்டை ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஹீட்டுக்கு வரும், ஒரு அஞ்சு நிமிசம் கேட்டு தெறந்திருந்தா போதும், 63 நாள்ல ஆறேழு குட்டி, அதுங்களுக்கு எங்க வீடு தேடுவீங்க? கடைசியில குட்டிங்க சாக்குப்பையில கட்டி வாய்க்கா கரையிலதான் கெடக்கும், நானே பாத்திருக்கேன். இன்னொன்னு, கடுவனுக்கு ஆபரேஷன் பண்ணாலும் சில வாரத்துக்கு சினை பிடிக்க வைக்க முடியும், அதனால ஆபரேஷன் ஆன மறுநாளே சேத்து விடாதீங்க.

3. என்ன நாய், எங்க இருந்து

எங்க பக்கம் நாட்டு நாய் ஜாதிக்கு பஞ்சமே இல்ல. உத்தமபாளையம் பக்கத்துல கோம்பை, அந்தப் பக்கம் ராஜபாளையம், இன்னும் கெழக்க போனா சிப்பிப்பாறை, கன்னி. எல்லாமே அருமையான நாய்தான், ஆனா ரெண்டாவது நாயா வர்றப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கு.

கோம்பை ஒரு குடும்பத்தோட ஒட்டிக்கும், வெளியாள நம்பாது, பன்னி வேட்டைக்கு வளத்த ரத்தம், பிடிச்சா விடாது. ஏற்கனவே கோம்பை இருக்குற வீட்ல இன்னொரு கோம்பை வேணும்னா எதிர்ப் பாலினமா, வயசு வித்தியாசத்தோட இருக்கணும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால பாத்து தொரத்துற ஜாதி, ஒடம்பே ஓட்டத்துக்குன்னு செஞ்சது. உங்க மொத நாய் கோழி, ஆட்டுக்குட்டியோட பழகி வளந்திருக்கலாம், ஆனா இது ஓட ஆரம்பிச்சதும் அதுவும் கூடவே ஓடும், ரெண்டு சேந்தா ஒண்ணு தனியா செய்யாத வேலையெல்லாம் செய்யும். எங்க ஊருக்கு மேல இந்தப் பக்கம் 2021-ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளாவோட பெரியாறு காப்பகம். நாயங்க ஜோடியா காட்டுக்குள்ள ஏறி மானைத் தொரத்துனா மானுக்கும் ஆபத்து, சிறுத்தைகிட்ட மாட்டி நாய்க்கும் ஆபத்து, ஊர் நாயோட டிஸ்டம்பர் நோயும் காட்டு மிருகத்துக்கு ஒட்டும். வேலி போட முடியாதவங்க வேட்டை ஜாதியில ரெண்டாவது எடுக்கவே வேணாம்.

ராஜபாளையம் எனக்கு ரொம்ப பிடிச்ச நாய், 2005-ல தபால் தலை கூட வெளியிட்டாங்க. ஆனா வெள்ளைக் குட்டிங்கள்ல காது கேக்காததுங்களும் பொறக்கும். குட்டி தூங்கும்போது பின்னாடி, அது பாக்காத எடத்துல, தரை அதிராம, காத்து படாம ஒரு சாவிக்கொத்த ஆட்டுங்க. காது அசையலன்னா இன்னும் ரெண்டு தடவை வேற வேற சத்தத்துல பாருங்க. காது கேக்காத நாயும் நல்லா வாழும், ஆனா மொத நாய் உறுமி எச்சரிக்கிறது அதுக்குக் கேக்காது, அது தெரியாம ரெண்டையும் ஒண்ணா விடுறது தப்பு.

ரொம்ப சின்ன ஜாதியும் பெரிய நாயும் ஒண்ணா வச்சா, சண்டையே வேணாம், வெளாட்டுல கால் பட்டாலே எலும்பு முறிஞ்சிரும்.

ஒரே ஈத்துல ரெண்டு குட்டி எடுத்துட்டு வராதீங்க, அண்ணன் தம்பி ஒண்ணா வளரட்டும்னு ஆசையாத்தான் இருக்கும். பல நேரம் ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டிக்கும், மனுசன்கிட்ட சரியா பழகாது, பிரிச்சா ஊளையிடும், பெருசானதும் அதுங்களுக்குள்ளயே கடிபடவும் செய்யலாம்.

குட்டின்னா 8 வாரத்துக்கு முன்னாடி தாயை விட்டுப் பிரிச்சு எடுக்காதீங்க, 2017 வருசத்து நாய் வளர்ப்பு விதிகள்லயே 8 வாரத்துக்கு கீழ விக்கக் கூடாதுன்னு இருக்கு. அந்தக் கடைசி மூணு நாலு வாரத்துலதான் குட்டி கூடப்பொறந்ததுங்ககிட்ட கடிபட்டு 'இம்புட்டு அழுத்திக் கடிக்கக் கூடாது'ன்னு கத்துக்குது. அது தெரியாத குட்டி உங்க பெரிய நாய கடிச்சு கடிச்சு வெறுப்பேத்தும். தாயை நேர்ல பாருங்க, தாயைக் காட்ட மாட்டேன்னு சொன்னா வண்டிய திருப்பிருங்க, அட்டைப்பெட்டியில வச்சு பஸ் ஸ்டாண்டுல கைமாத்துறேன்னு சொல்றவங்ககிட்ட எந்தக் காரணத்துக்கும் வாங்காதீங்க. குட்டிங்கள்ல எல்லாத்தையும் தள்ளிட்டு முன்னாடி வர்றதும் வேணாம், மூலையில நடுங்குறதும் வேணாம், வந்து மோந்துட்டு கொஞ்சம் வெளாண்டுட்டு தூங்கப் போகுது பாருங்க, அந்த நடுத்தரம்தான் ரெண்டாவது நாய்க்கு நல்லது.

ஆனா மனசார சொல்றேன், வளந்த தெரு நாய், நாட்டு நாய் எடுங்க. குணம் என்னன்னு கண்ணுக்குத் தெரியும், உங்க நாயோட நேர்லயே பழக விட்டுப் பாக்கலாம். குட்டன் அப்படித்தான் கெடைச்சான். குமுளியில ஒரு குடும்பம் வெளியூருக்கு மாறிப் போறாங்க, ரெண்டு வயசு, கருத்தடை ஆயிருச்சு, வருசா வருசம் வெறிநாய் ஊசி போட்ட சீட்டு இருக்கு, கேரளாவுல பஞ்சாயத்து லைசென்ஸுக்கு அந்த சீட்டு வேணும்ங்கறதால பத்திரமா வச்சிருந்தாங்க. அந்த சேச்சி "அவன் பாவமாணு, ஆரெயும் கடிக்கில்ல"ன்னு அழுதுக்கிட்டே சொன்னாங்க. நான் ஒரே ஒரு நிபந்தனை கேட்டேன், அவங்க கெளம்புறதுக்கு இருக்குற மூணு வாரத்துல செம்பிக்கு ஒத்துவரலன்னா வேற வீடு தேடுறதுக்கு ரெண்டு பேரும் சேந்து அலையணும்னு. எடுக்குறதுக்கு முன்னாடியே இதைப் பேசிருங்க, அப்புறம் பேசுனா மனஸ்தாபம்.

எல்லை ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு விசயம்: அங்க இருந்து வர்ற நாய்க்கு மலையாளம்தான் தெரியும். நான் "உக்காரு"ன்னா குட்டன் என் மூஞ்சியவே பாப்பான், "இரிக்கெடா"ன்னா பட்டுன்னு உக்காருவான். அவன் வார்த்தைய மாத்தாம செம்பிக்கும் அதையே சொல்லிக் குடுத்தோம், பத்து நாள்ல பிடிச்சுக்கிட்டா. வீட்ல எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லணும், அதான் முக்கியம்.

4. வர்றதுக்கு முன்னாடி

மொத நாய்க்கு ஊசியெல்லாம் நடப்புல இருக்கான்னு பாருங்க: வெறிநாய் ஊசி, அப்புறம் டிஸ்டம்பர், பார்வோ, எலிக்காய்ச்சலுக்கு சேத்துப் போடுற ஊசி. எலிக்காய்ச்சல விட்டுராதீங்க, நம்ம பள்ளத்தாக்குல நெல்லு வயலும் வாய்க்காலும் எலியும் எப்பவும் உண்டு, அது எலி மூத்திரம் கலந்த தண்ணியில பரவும், நாய்கிட்ட இருந்து மனுசனுக்கும் வரும். குட்டிக்கு 6-8 வாரத்துல மொத ஊசி, அப்புறம் 3-4 வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும், வெறிநாய் ஊசி 3 மாசத்துல. வயித்துப் பூச்சிக்கான மருந்தும் ரெண்டுக்கும் ஒரே நாள்ல குடுங்க.

எங்க வீடு மாதிரி பார்வோ வந்து போன எடம்னா, அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல உசுரோட இருக்கும். சிமெண்டு தரைய பிளீச்சிங் கரைச்சு கழுவலாம், தோட்டத்து மண்ணைக் கழுவ முடியாது. அதனாலதான் எட்டு மாசம் காத்திருந்தோம், அப்பவும் குட்டி எடுக்கல, ஊசி முழுசா போட்ட வளந்த நாயத்தான் எடுத்தோம்.

தோட்டத்தையும் புது நாய் கண்ணோட ஒரு தடவை சுத்திப் பாருங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு வந்துச்சு, ஊருக்கே பெருமை, ஆனா நாய்க்கு திராட்சை விஷம்ங்க. பச்சைத் திராட்சை, காஞ்ச திராட்சை எல்லாமே கிட்னிய அடிக்கும், எம்புட்டு தின்னா ஆபத்துன்னு ஒவ்வொரு நாய்க்கும் ஒரு மாதிரி, ஒரு கொத்து தின்னு தப்பிச்சதும் உண்டு, கொஞ்சம் தின்னு போனதும் உண்டு. செம்பி திராட்சைய மோந்தே பாக்க மாட்டா, அந்த தைரியத்துல இருந்துட்டேன், குட்டன் வந்த மொத வாரமே பந்தலுக்கு அடியில உதுந்து கெடந்தத மேய ஆரம்பிச்சுட்டான். ஓடிப் போயி வாயில இருந்து எடுத்து, உடனே டாக்டருக்கு போன் போட்டு தூக்கிட்டுப் போயி வாந்தி எடுக்க வச்சோம். தின்னது தெரிஞ்சா வாந்தி வருதான்னு காத்திருக்காதீங்க, அந்த நிமிசமே கெளம்புங்க. திராட்சைக்கு மருந்தடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்குற டிரம்ம மூடி வைங்க, எலி மருந்து வைக்கவே வைக்காதீங்க.

தட்டு ரெண்டு, தண்ணிச் சட்டி ரெண்டு (வேற வேற எடத்துல), சாக்கு ரெண்டு, கட்டுறதுக்கு எடம் ரெண்டு. ஒரு குறுக்குக் கதவோ தட்டியோ இருக்கணும், ஒண்ணை ஒண்ணு பாக்கலாம் ஆனா தொட முடியாத மாதிரி.

5. மொத சந்திப்பு

வீட்டுக்குள்ள நேரா கூட்டிட்டு வந்து "இந்தா உன் தம்பி"ன்னு விடுறதுதான் ஊர்ல எல்லாரும் செய்யிறது, பாதி சண்டைக்கு அதான் காரணம். வீடு மொத நாயோட எல்லை, அதுக்கு அங்க காவல் வேலை.

அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி ஒரு பழைய துண்ட புது நாய் மேல தேச்சு கொண்டு வந்து வீட்ல போடுங்க, உங்க நாயோட துணி ஒண்ண அங்க குடுங்க. நான் அப்பாவோட பழைய துண்டத்தான் எடுத்துட்டுப் போனேன், செம்பி வாசனையும் அதுல இருந்துச்சு.

சந்திப்பு ரெண்டு நாய்க்கும் சொந்தமில்லாத எடத்துல. நாங்க 18-ம் கால்வாய் கரையில வச்சோம், காலைல ஆறு மணி, வெயில் ஏறாத நேரம், ஆள் நடமாட்டம் இல்ல. ஆளுக்கு ஒரு நாய், ரெண்டு பேரு கட்டாயம் வேணும். எதிரெதிரா நடக்க விடாதீங்க, மூஞ்சிக்கு மூஞ்சி வர்றது நாய் பாஷையில மரியாதைக் கொறவு. ஒரே திசையில, இருபது அடி இடைவெளி விட்டு, பக்கவாட்டுல நடங்க. கயிறு லூசா இருக்கணும், நீங்க பயந்து இறுக்கிப் பிடிச்சா அந்த இறுக்கம் நேரா நாய்க்குப் போகும். பத்து நிமிசம் கழிச்சு இடைவெளிய கொறைங்க, அப்புறம் ஒண்ணு நடந்த எடத்த இன்னொண்ணு மோக்கட்டும். கடைசியா பின்பக்கம் மோந்து பாக்க மூணு செகண்டு, உடனே கூப்பிட்டு விலக்கி நடக்க வைங்க. மறுபடி மூணு செகண்டு.

முன்னங்கால மடக்கி பின்பக்கத்த தூக்குனா வெளாட்டுக்குக் கூப்பிடுதுன்னு அர்த்தம். தலையத் திருப்புறது, ஒதட்ட நக்குறது, தரைய மோக்குறது எல்லாம் 'எனக்கு சண்டை வேணாம்'னு சொல்றது. ஒடம்பு உறைஞ்சு போயி, முதுகு முடி நட்டுக்கிட்டு, கண்ணை எடுக்காம பாத்தா அன்னைக்கு அம்புட்டுத்தான், வீட்டுக்குப் போங்க, மறுநாள் வாங்க. நாங்க நாலு நாள் போனோம், அஞ்சாம் நாள்தான் ரெண்டையும் ஒண்ணா நடத்தியே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம், மொதல்ல குட்டன், பின்னாடி செம்பி. உள்ள நின்னு வரவேத்தா எல்லை காப்பா, பின்னாடி வந்தா கூட வர்றா, அந்த வித்தியாசம்தான்.

ஊசி முடியாத குட்டின்னா வாய்க்கா கரையில தரையில விடக் கூடாது, கையில தூக்கி வச்சு காட்டுங்க. பதினாலு நாள் தனி எடத்துல வச்சு நோய் இல்லன்னு தெரிஞ்ச பின்னாடி வீட்டு முத்தத்துல பழக விடலாம்.

6. மொத மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்

மொத மூணு நாள் புது நாய் பயத்துல அமைதியா இருக்கும், அதப் பாத்து "தங்கமான நாய்"னு முடிவு பண்ணாதீங்க. மூணு வாரத்துல உண்மையான குணம் தெரியும், மூணு மாசம் ஆகும் இது நம்ம வீடுன்னு நினைக்க. இந்தக் காலம் முழுக்க ஆள் இல்லாதப்ப ரெண்டையும் பிரிச்சே வைக்கணும், ராத்திரியும் பிரிச்சுத்தான்.

சோறு தனித்தனி எடத்துல, தின்னு முடிச்சதும் ரெண்டு தட்டையும் எடுத்துருங்க. எலும்பு போடவே போடாதீங்க, வேக வச்ச எலும்பு உடைஞ்சு கொடலைக் குத்தும், அதோட எலும்புக்குத்தான் பெரிய சண்டையே வரும். சோறு, தடவிக் குடுக்குறது, கேட்டு தெறக்குறது, எல்லாமே மொத நாய்க்கு முன்னாடி மாதிரியே நடக்கணும். செம்பியோட அஞ்சரை மணி நடை இன்னைக்கும் அவளுக்கு மட்டும்தான், குட்டனுக்கு ஆறேகால்.

மொத நாய் உறுமுனா அதட்டாதீங்க. உறுமுறதுதான் அது பேசுறது. அதட்டி அதட்டி உறுமுறத நிறுத்திட்டா அடுத்த தடவை சொல்லாமயே கடிக்கும். எங்கம்மா மொதல்ல "ஏட்டி செம்பி, சும்மா கெட"ன்னு கத்திக்கிட்டே இருந்தாங்க, அவங்களுக்குப் புரிய வைக்கிறதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. உறுமுனா புதுச மெதுவா கூப்பிட்டு விலக்குங்க, அம்புட்டுத்தான் வேலை. குட்டியா வந்துச்சுன்னா பெரிய நாய் நாலு அஞ்சு மாசம் வரைக்கும் நெறைய பொறுத்துக்கும், அப்புறம் பொறுக்காது. ஒன்னரை வயசுல இருந்து மூணு வயசுக்குள்ள புதுசு முழுசா வளந்து நிக்கும்போது திரும்ப ஒரு தடவை எல்லாம் மாறலாம், 'இத்தன நாள் ஒத்துமையா இருந்துச்சே'ன்னு அசந்துராதீங்க.

சண்டை வந்துட்டா கழுத்துப் பக்கம் கைய விடவே விடாதீங்க. மோட்டார் தண்ணி, பக்கெட்டு தண்ணி, கனமான சாக்க மேல போடுறது, நடுவுல பலகை சொருகுறது. ரெண்டு பேரு இருந்தா ஒரே நேரத்துல ஆளுக்கு ஒரு நாயோட பின்னங்காலத் தூக்கி பின்னாடியே நடந்து விலக்கணும். பிரிச்ச பின்னாடி ரெண்டு நாள் தனியா வச்சுட்டு மறுபடி வாய்க்கா கரை நடையில இருந்து ஆரம்பிங்க. உங்களுக்குக் கடி பட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நம்ம வீட்டு நாய்தானேன்னு மஞ்சப்பொடி வச்சுட்டு இருந்துராதீங்க.

மூணு மாசம் தாண்டி, ரெண்டும் ஒரே எடத்துல முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்குதுன்னா, மொதல்ல அரை மணி நேரம் ஆள் இல்லாம விட்டுப் பாருங்க, அப்புறம் ஒரு மணி. நாங்க ராத்திரி குறுக்குத் தட்டிய எடுத்தது 107-வது நாள். காலைல எந்திரிச்சுப் பாத்தப்ப செம்பி அப்பா கட்டிலுக்கு அடியில வழக்கமான எடத்துல கிடந்தா, குட்டன் உள்ள வராம வாசப்படிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். அந்தக் கட்டிலுக்கு அடியில அவன் இன்னைக்கு வரைக்கும் போனதில்ல, நாங்களும் கூப்பிட்டதில்ல.